பாட்டு ஏறும்போது

“பாட்டு ஏறுறப்போ காலும் தன்னால ஏறும், அப்ப மட்டும் நீ…” இவ்வளவுதான் என்னிடம் மிச்சம் இருக்கிறது. அதற்குமேல் நாச்சிமுத்துப் பெரியப்பா என்ன சொன்னார்? காலை எடுத்துரு என்றாரா, கண்ணை எடுத்துராதே என்றாரா, பாட்டை நிறுத்திரு என்றாரா. என்னிடம் சொல்லவும் இல்லை. ஒரு துக்க வீட்டுப் பந்தலில், பக்கத்து நாற்காலியில் இருந்த இன்னொரு பஸ் டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். விடுப்பில் ஊருக்கு வந்திருந்த நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சரியாக அந்த இடத்தில் பறை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள், வாக்கியத்தின் பின்பாதி அந்தச் சத்தத்துக்குள் விழுந்து போயிற்று. இப்போது பெரியப்பாவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தாராபுரத்தில் வசுமதியின் தம்பி மகளுக்குச் சீர், இலையில் வைத்ததையெல்லாம் தின்றுவிட்டுப் பட்டுவேட்டியோடு ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறேன், பக்கத்தில் வசுமதி, பின்னால் அமுதினி, கோயமுத்தூரில் வீடு போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதற்கு எதற்கு அந்தப் பாதி வாக்கியம் இத்தனை தடவை வந்து பல்லில் மாட்டிய பாக்குத்தூள் மாதிரி உறுத்துகிறது. அமுதினியின் போனிலிருந்து வண்டிக்குள் பாட்டு வருகிறது. மெதுவான பாட்டு ஓடும்போது குண்டடம் பக்கத்துக் காற்றாலைகள் வானத்தைத் தடவிக்கொடுக்கின்றன; வேகப் பாட்டு வந்ததும் அதே காற்றாலைகள் வெட்டுகின்றன, ஒவ்வொரு இறக்கையும் இறங்கி இறங்கி எதையோ வெட்டுகிறது. “ஏனுங்க, முள்ளு எங்க நிக்குதுன்னு பாத்தீங்களா?” என்றாள் வசுமதி. பார்த்தேன். நான் அழுத்தவில்லை. ஆனால் முள் ஏறியிருந்தது. “அப்பா, நீங்க பீட்டுக்கு ஓட்டறீங்க,” என்றாள் அமுதினி பின்னாலிருந்து, சிரித்துக்கொண்டே, “டிரம்ஸ் வந்தா ஓவர்டேக், வயலின் வந்தா பிரேக்.” வசுமதியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். பதினைந்து வயதுப் பெண் கண்டுபிடித்துவிட்டாள், வேலைக்குப் போயிருந்த ரோட்டர்டாமில் ஒருநாள் ரயிலில் படித்தேன், பாட்டின் வேகம் கூடினால் நெஞ்சுத் துடிப்பு கூடும், துடிப்பு கூடினால் காலின் அழுத்தம் கூடும், ஓட்டுகிறவனுக்குத் தான் கூட்டியது தெரியாது. ஆங்கிலத்தில் அது ஒரு செய்தி, படம் போட்டு அம்புக்குறியெல்லாம் வைத்திருந்தார்கள், என் ஸ்டேஷன் வந்ததும் மடித்து வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். தமிழில் அது பெரியப்பாவின் வலது கால். கடைசி வருஷங்களில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், எங்காவது மாரியம்மன் கோயில் நோம்பிக்கு ஒலிபெருக்கி கட்டினால் போதும், பேச்சு அதுபாட்டுக்கு நடக்கும், முகம் அதுபாட்டுக்கு இருக்கும், வலது கால் மட்டும் தரையை அழுத்தும், பாட்டு ஏறும்போது அழுத்தும், இறங்கும்போது விடும், செருப்பு தேய்ந்த இடத்தில் சிமெண்டு பளபளத்துக் கிடந்தது.

அந்தப் பச்சை பஸ் எப்போது பின்னால் வந்தது என்று தெரியவில்லை. ஹாரன் முதலில் வந்தது, ஹாரன் இல்லை அது, யாரோ முதுகெலும்பில் தகரத்தைத் தேய்க்கிற மாதிரி. கண்ணாடியில் பார்த்தால் கண்ணாடி முழுக்க பஸ். வழிவிட ஓரம் எங்கே இருக்கிறது, இடதுபக்கம் மண், மண்ணுக்கு அப்பால் பள்ளம். “விட்டுருங்க, டைமிங்குக்கு ஓடறாங்க,” என்றாள் வசுமதி. தனியார் பஸ் எல்லாம் அப்படித்தான், முன்னால் போகிற கம்பெனி வண்டி இவனுடைய ஆட்களை அள்ளிக்கொண்டு போனால் இவன் தொலைந்தான், எனக்குத் தெரியாதா, பெரியப்பா ஓட்டிய வண்டியில் இன்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்து வளர்ந்தவன் நான், காலை முதல் டிரிப்புக்கு சாமி பாட்டு, பள்ளிக்கூடத்து நேரத்துக்குத் தாலாட்டு மாதிரி ஒன்று, முன்னால் வேறு கம்பெனி வண்டியின் முதுகு தெரிந்துவிட்டால் ஸ்டியரிங்குக்கு மேலே இருக்கிற பலகையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய கேசட்டை எடுப்பார், கண்டக்டர் ரங்கசாமி “புடிங்க, எல்லாரும் கம்பியப் புடிங்க” என்று கத்துவான், ஜனங்கள் சிரித்துக்கொண்டே கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள், அவர்களுக்கும் பிடிக்கும், எல்லோருக்கும் பிடிக்கும், அதுதான் விஷயம். பச்சை பஸ் வலதுபக்கம் ஏறிற்று. அதன் ஜன்னல்களிலிருந்து ஒரு பாட்டு எங்கள் பாட்டின்மேல் கொட்டிற்று, இரண்டும் கலந்து என்ன பாட்டென்றே தெரியாத ஒரு சத்தம், எதிரே கோழி லாரி, பல்லடத்துக் கோழி லாரி, கூண்டு கூண்டாக வெள்ளைச் சிறகுகள், பஸ்காரன் சட்டென்று இடதுபக்கம் வெட்டினான், என் பக்கக் கண்ணாடி டப்பென்று போயிற்று, நான் மண்ணுக்குள் இறங்கினேன், வண்டி குலுங்கிற்று, சாய்ந்தது, நின்றது. கோழி வாடை. தூசி. பாட்டு மட்டும் நிற்கவில்லை. பாட்டை மாற்றப் போன்மேல் குனிந்திருந்த அமுதினி என் சீட்டின் முதுகில் வாயை மோதியிருந்தாள். “ஒண்ணுமில்லப்பா,” என்றாள். ஒண்ணுமில்லப்பா என்று சொன்ன வாயிலிருந்து ரத்தம் பட்டுப்பாவாடையில் சொட்டிற்று, மாம்பழ மஞ்சளில் சிவப்பு, ஒரு சொட்டு, இன்னொன்று. வசுமதி முந்தானையை அழுத்திப் பிடித்து, “உதடுதான், உதடுதான், பல்லு நல்லாருக்கு,” என்றாள். “நான் ஓட்டட்டுங்களா? நீங்க இந்தப் பக்கம் வாங்க.” அவள்தான் அங்கேயே லைசென்ஸ் எடுத்தவள், பனியில் ஓட்டியவள், என்னைவிட நன்றாக ஓட்டுவாள், நான் இருபது வருஷம் சைக்கிளும் ரயிலுமாக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியபிறகு ஸ்டியரிங் பிடித்தவன். வேண்டாம் என்றேன். வேண்டாம் என்றது நானில்லை, கால் ஏற்கெனவே அழுத்திக்கொண்டிருந்தது.

அந்தப் பஸ்காரனைப் பிடித்து இழுக்க வேண்டும். எப்படி இழுப்பது என்றும் தெரிந்தது, டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, சட்டைக் காலரில் இல்லை, காதுக்குப் பின்னால் முடியைப் பிடித்து. கீழே தள்ளி முகத்தைச் சாலையில் வைத்துத் தேய்க்க வேண்டும், தார் சூடாக இருக்கிறது, நன்றாகச் சூடாக இருக்கிறது. இவ்வளவு தெளிவாக ஒரு யோசனை எனக்கு வந்து எத்தனை வருஷமாயிற்று. சீட்டுக்கு அடியில் வீல் ஸ்பானர் இருக்கிறது, திரும்பி வந்த புதிதில் வசுமதியின் தம்பி வாங்கிக் கொடுத்தது, “மாமா, நம்மூர் ரோட்டுல இதை டிக்கியில போடாதீங்க, கைக்கு எட்டற மாதிரி வெச்சுக்கங்க,” கண்ணைச் சிமிட்டினான், நான் சிரித்துவிட்டு சீட்டுக்கு அடியில் போட்டேன், சிரித்துவிட்டுத்தான் போட்டேன், ஆனால் போட்டேன். “பாட்டை மாத்தட்டுமாப்பா?” முந்தானைக்குள்ளிருந்து அமுதினியின் குரல். “இருக்கட்டும்.” “நிறுத்தட்டுமா?” “இருக்கட்டும்னு சொன்னேனில்ல!” என் குரலா அது. வசுமதி என்னைப் பார்க்கிறாள், பார்க்கட்டும். தூரத்தில் பச்சை. பாட்டு முடிந்தது, அடுத்தது தானாக ஆரம்பித்தது, ஒரு உருமி, அடியில் முனகுகிற உருமி, யாரோ கழுத்தில் கால் வைத்து மிதிக்க மிதிக்க வருகிற முனகல், அப்புறம் தவில், எனக்குத் தெரியும் இது, புதிதாகப் போட்டிருக்கிறார்கள், அடியில் வேறு சத்தமெல்லாம் சேர்த்து நெஞ்சுக்கூடு அதிர்கிற மாதிரி பண்ணியிருக்கிறார்கள், ஆனால் அதேதான், சிவப்பு ஸ்டிக்கர் கேசட்டில் முதல் பாட்டு. இந்தக் குழந்தைக்கு இது எங்கே கிடைத்தது. கை பின்கழுத்துக்குப் போயிற்று, அங்கே முடி நின்றிருந்தது.

சின்ன வயதில், அந்தக் கேசட் ஓடிய ஒருநாள், பால்கேன் சைக்கிள்காரன் ஒருவன். நான் இன்ஜின் பெட்டிமேல் இருந்தேன், சூடு தெரியாமல் இருக்க சாக்கு மடித்துப் போட்டிருப்பார்கள், முன்னால் வேறு கம்பெனி வண்டி, பாட்டு ஏறுகிறது, பெரியப்பாவின் கால் ஏறுகிறது, நான் கையைத் தட்டுகிறேன், சைக்கிள் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. பால் சாலையில் ஓடிற்று. அவ்வளவு வெள்ளையாக அவ்வளவு வேகமாக. பின்னாலேயே ரத்தம் மெதுவாக வந்து பாலைத் தொட்டது, தொட்ட இடத்தில் ஒரு நிறம் வந்தது, அந்த நிறத்துக்கு இரண்டு மொழியிலும் எனக்குப் பெயர் தெரியவில்லை. பெரியப்பாவை இறக்கினார்கள். ஊரே வந்துவிட்டது, ஆனால் யாரும் அடிக்கவில்லை, சுற்றி நின்றார்கள், கைகளைப் பிசைந்துகொண்டு, வாயில் கெட்ட வார்த்தை, ஆனால் யாரும் தொடவில்லை, அது ஏன் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. காத்திருந்தார்கள். பறிகொடுத்தவன் கைதான் முதலில் விழ வேண்டும். அதற்கப்புறம் யார் வேண்டுமானாலும். செத்தவனின் தம்பியை வயலிலிருந்து கூட்டிவந்தார்கள், சேற்றுக் காலோடு வந்தான், அண்ணனைப் பார்த்தான், அழவில்லை, அவன் கையில் யாரோ ஒரு ஜாக்கி ராடைத் திணித்தார்கள், “வைடா, நீ ஒண்ணு வை,” என்றார்கள். அவன் நின்றான். அவனுக்கு அடிக்கத் தெரியவில்லை என்றுகூட நினைத்தேன். பஸ்ஸுக்குள் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. டேப்பை நிறுத்துகிற திருகு என்றைக்கோ உடைந்துபோயிருந்தது, மொட்டை ஆணிதான் மிச்சம், அதைத் தன் நகவெட்டியால் பிடித்துத் திருகப் பெரியப்பாவுக்கு மட்டும்தான் தெரியும், கண்டக்டர் ரங்கசாமி அழுதுகொண்டே விரலால் திருகிப் பார்த்தான், விரல் வழுக்கிற்று, வழுக்கிற்று, பாட்டு உருமியை விட்டு மேலே ஏற ஆரம்பித்தது, தவில் வந்தது, தவில் வந்த அடியில்தான் அந்தத் தம்பியின் கை இறங்கிற்று. சரியாக அந்த அடியில். அப்புறம் எல்லோரும். எல்லோரும் தாளத்தில். யாருக்கும் தெரியாது தாளத்தில் அடிக்கிறோம் என்று, நான்தான் பஸ்ஸின் கண்ணாடி வழியாக மேலிருந்து பார்த்தேன், கைகள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின, நாற்று நடுகிற பெண்கள் மாதிரி, தேர் இழுக்கிறவர்கள் மாதிரி, பாட்டு இறங்கியபோது அடியும் இறங்கிற்று, சரணத்தில் மூச்சு வாங்கினார்கள், மறுபடி தவில் வந்தது. பெரியப்பாவின் இடதுகாது அன்றைக்குப் போனது. அதற்கப்புறம் அவர் வண்டியைத் தொடவில்லை. காது ஒன்று போனபிறகும் அந்தக் கால் எப்படிப் பாட்டைக் கேட்டது.

“ஏனுங்க! ஏனுங்க!” எதிரே டி.வி.எஸ். மொபெட், முன்னால் ஒரு கிழவர், பின்னால் தலையில் துண்டு போட்ட அம்மா, மடியில் புல்லுக்கட்டு, நான் எப்போது வலதுபக்கம் ஏறினேன், பச்சை பஸ்ஸின் பின்சக்கரம் என் இடதுபக்கக் கதவுக்கு அருகே சுற்றுகிறது, என்னைவிட உயரமாக, தவில், தவில், கிழவரின் வாய் திறந்திருக்கிறது, புல்லுக்கட்டுக்கு மேலே அந்தம்மாவின் கண்கள், என் கால் அழுத்துகிறது, பிரேக்கை இல்லை, நான் பிரேக்கை நினைக்கிறேன், கால் அழுத்துகிறது, அப்ப மட்டும் நீ, அப்ப மட்டும் நீ, அப்ப மட்டும் நீ என்ன பெரியப்பா, கிழவர் மண்ணில் இறக்கிவிட்டார், மொபெட் ஆடிற்று, விழவில்லை, நாங்கள் தாண்டிவிட்டோம். கண்ணாடியில் பார்த்தேன், பின்சீட்டில் அமுதினி கம்பியைப் பிடிக்கிற மாதிரி கதவுக்கு மேலே இருக்கிற பிடியைப் பிடித்துக்கொண்டு, வீங்கின உதட்டோடு, முன்னால் சாலையைப் பார்க்காமல் என் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னவோ அங்கே எழுதியிருக்கிற மாதிரி. நானும் ஒரு பின்னந்தலையைப் பார்த்து வளர்ந்தவன்தான், எண்ணெய் வைத்துப் படிய வாரிய பின்னந்தலை, காக்கிக் காலரில் வேர்வைக் கோடு. ஒரு பஸ் நிறுத்தம் வந்தது, வேப்பமரம், இளநீர்க் கடை, பஸ் ஆட்களை ஏற்ற நின்றது, நான் அதன் மூக்குக்கு முன்னால் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தினேன். “இறங்காதீங்க,” என்றாள் வசுமதி, என் முழங்கையைப் பிடித்து, “புள்ளைக்கு ஒண்ணும் ஆகலைங்க, எனக்கு நீங்கதான் பயமா இருக்குது, இறங்காதீங்க.” கை சீட்டுக்கு அடியில் போயிற்று. ஸ்பானர் குளிர்ந்திருந்தது. இந்த வெயிலில் அது எப்படிக் குளிர்ந்திருந்தது.

கதவைத் திறந்துபோட்டபடி இறங்கியதால் பாட்டும் என்னோடு சாலைக்கு இறங்கிற்று. உருமி மறுபடி வந்திருந்தது, கடைசிச் சரணத்துக்கு முன்னால் ஒருமுறை அடங்கி முனகும், எனக்கு மனப்பாடம், இதற்கப்புறம் தவில். நான் நடந்தேன், தாளத்தில் நடந்தேன், தெரிந்தது, தெரிந்தும் மாற்ற முடியவில்லை. பஸ் டிரைவர் சின்னப் பையன் மாதிரி இருந்தான், மீசை இப்போதுதான் திடமாகியிருக்கிறது, நெற்றியில் திருநீறு. “அண்ணா, டைமிங்குண்ணா, முன்வண்டி அள்ளீட்டுப் போறான்ணா, தெரியாமப் பண்ணிட்டேன்ணா,” என்றான், ஸ்டியரிங்கை விடாமல். இளநீர் வெட்டுகிறவர் அரிவாளோடு வந்தார், பக்கத்துத் தறிக்குடோனிலிருந்து நாலைந்து பேர், பனியனும் பஞ்சுத்தூளுமாக, எங்கிருந்துதான் வருகிறார்களோ, “என்ன சார் ஆச்சு?” காருக்குள் எட்டிப்பார்த்தார்கள், ரத்தத்தைப் பார்த்தார்கள். “பொட்டப்புள்ள வாயெல்லாம் ரத்தம்டா!” “போன வாரம் நம்ம சென்னியப்பன் ஆட்டு மேல ஏத்துனதும் இவனுக வண்டிதான்.” “டேய், இறங்குடா கீழ!” டிரைவர் கதவைத் திறந்துவிட்டார்கள், அவன் சீட்டுக் கம்பியை இறுக்கினான், கண்டக்டர் படியில் நின்று, “ஏனுங்க, பேசிக்கலாமுங்க, பேசிக்கலாமுங்க,” என்றான், அவனை யாரும் பார்க்கவில்லை. டிரைவரை இழுத்து இறக்கிவிட்டார்கள். என் முன்னால் நிறுத்தினார்கள். அப்புறம் விலகி நின்றார்கள். வட்டம். கையைப் பிசைந்துகொண்டு. யாரும் அவனைத் தொடவில்லை. பஞ்சுத்தூள் படிந்த ஒருவர், என் வயதிருக்கும், ரொம்ப மரியாதையாக, கல்யாணத்தில் பந்திக்குக் கூப்பிடுகிற மாதிரி, “சார், நீங்க ஒண்ணு வைங்க. மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்,” என்றார். “கைய ஓங்கறதுக்கே சார் யோசிக்கறாரு,” என்றான் ஒருவன். “ஃபாரின் சார் போலிருக்குது, போலீசுக்குப் போன் பண்ணுவாரு,” என்றான் இன்னொருவன், சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஸ்பானரில் ஏறிற்று. பட்டுவேட்டியை மடித்துக் கட்டினேன். பஸ்ஸின் ஜன்னல்களில் முகங்கள், ஒரு சின்னப்பெண் கம்பிக்கு இடையில் மூக்கை வைத்து மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பினால் என் காருக்குள் என் பெண், அதே உயரத்தில் இல்லை, ஆனால் அதே கண். என்ன பார்க்கிறாய் அமுதினி. நிறுத்து அந்தப் பாட்டை. நான் சொன்னேனா, நினைத்தேனா, போன் அவள் கையில்தான் இருந்தது, கை அசையவில்லை, நான்தானே இருக்கட்டும் என்றேன். உருமி முடியப்போகிறது. டிரைவர் பையனுடைய வலது கால் நடுங்கிக்கொண்டிருந்தது, ரப்பர் செருப்புப் போட்ட கால், நடுங்குகிறது என்று நினைத்தேன், நடுக்கம் இல்லை, குனிந்து பார்த்தேன், மண்ணை அழுத்துகிறது, விடுகிறது, அழுத்துகிறது, விடுகிறது, அடி வாங்க நிற்கிறவனின் கால் என் காரின் பாட்டுக்கு அழுத்திக்கொண்டிருந்தது, அவனுக்குத் தெரியாது, அவன் கண் என் கையிலிருந்த இரும்பின்மேல் இருந்தது. “வைங்க சார்,” என்றார் பஞ்சுத்தூள்காரர். தவில் வந்தது. என் தோள் ஏறிற்று, ஸ்பானர் காதுக்குப் பக்கம் வரைக்கும் வந்துவிட்டது, வட்டத்தில் எல்லாத் தோள்களும் கொஞ்சம் ஏறின, பார்த்தேன், ஒன்றாக ஏறின, தவிலின் முதல் அடி போயிற்று, இரண்டாவது அடி போயிற்று, ஒவ்வொரு அடிக்கும் என் தோள் கேட்டது, இப்போதா, இப்போதா, பையன் கண்ணை மூடிக்கொண்டான், தவில் போய்க்கொண்டே இருந்தது, பாட்டு இறங்கிற்று, முடிந்தது. அடுத்த பாட்டுக்கு முந்தைய அந்தச் சின்ன இடைவெளியில் தறிகளின் சத்தம் கேட்டது. ஸ்பானரை இளநீர் மட்டைகள்மேல் போட்டேன், சாவியை வசுமதியிடம் கொடுத்துக் காரை ஒதுக்கிவிட்டுப் பின்னாலேயே வரச்சொன்னேன், பையனின் தோளைத் தொட்டு அவனை அவன் சீட்டுக்கு ஏற்றினேன், முதலில் அடிக்க வேண்டியவனே ஏறிவிட்டால் வட்டம் கலைந்துவிடும் என்று நானும் ஏறி அவனுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, கண்டக்டரிடம் பல்லடத்துக்கு ஒரு டிக்கெட் கேட்டேன்.